சாக் கணக்கில் ஏறாத ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ராம்ஸ் அணியின் டிஃபென்சிவ் டேக்கிள் (தற்காப்பின் முன்வரிசையில் நடுவில் நிற்பவர்) ஆரன் டொனால்டைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்காமலே பேர் வாங்கிய ஒருவருக்கு, அதுவும் ஐபிஎல் நடக்கும் நேரத்தில், ஒரு பக்கம் ஒதுக்க மனம் வந்ததற்கு நன்றி. சென்னையில் இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கட்டுரையில் தேதிகளும் பெயர்களும் பெரும்பாலும் சரி. அந்த மனிதரை அளக்க எடுத்துக்கொண்ட இரண்டு அளவுகோல்கள்தான் தப்பு. ஒன்று 111 சாக், அதாவது பந்தை வீசப் பார்ப்பவரை வீழ்த்திய தடவைகள். இன்னொன்று ரூபாயில் பெருக்கிப் போட்ட சம்பளம். இந்த இரண்டை மட்டும் படித்துவிட்டு மைதானத்துக்கு வரும் பையன் எதைச் செய்து பார்ப்பான் என்று எங்களுக்குத் தெரியும். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் வெட்டுவதென்றால் சம்பளப் பகுதியை வெட்டுங்கள். வெயிலைப் பற்றிய பகுதியில் கை வைக்க வேண்டாம்.

2022 பிப்ரவரி 13, சோஃபை ஸ்டேடியம், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல். நமக்கு அப்போது திங்கட்கிழமை காலை. ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20, மீதி ஒரு நிமிடம்கூட இல்லை. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் பெங்கால்ஸுக்கு இது மூன்றாவது, தேவை இன்னும் ஒரே ஒரு யார்டு. பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்தார்கள். டொனால்டு தன்னைத் தடுத்துக்கொண்டிருந்தவரிடமிருந்து விடுபடாமலே கையை நீட்டி அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார். அடுத்து நான்காவது முயற்சி. தடுக்க நின்ற கார்டைத் தாண்டி உள்ளே புகுந்து, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே பரோ வீசிய பந்து யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கோப்பை ராம்ஸுக்கு.

அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய இந்த இரண்டு நொடிகளும் நீங்கள் தலைப்பில் போட்ட 111இல் கிடையாது. சாக் என்பது பந்தை வீசப் பார்க்கும் குவார்ட்டர்பேக்கை ஆட்டம் தொடங்கிய கோட்டிலோ அதற்குப் பின்னாலோ வீழ்த்துவது மட்டும். ஓட்டக்காரரை நிறுத்தியது அந்தக் கணக்கில் சேராது. பரோவின் கையிலிருந்து பந்து போய்விட்டதால் அது நிறைவேறாத வீச்சு என்று பதிவானது. அதே ஆட்டத்தில் முன்னதாக அவர் எடுத்த 2 சாக்கும்கூட 111இல் வராது; அந்த எண்ணில் லீக் சுற்று மட்டும்தான் அடக்கம், பிளேஆஃப் தனி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இந்தக் கணக்கை அதிகாரப்பூர்வமாக வைக்க ஆரம்பித்ததே 1982இல். அதற்கு முன் ஆடி முடித்த டீக்கன் ஜோன்ஸ் பெயரில் ஏட்டில் ஒரு சாக்கும் இல்லை. 1981இல் ஆட வந்த லாரன்ஸ் டெய்லரின் முதல் வருஷச் சாக்குகளும் இல்லை. டொனால்டைப் பழையவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் போட்ட பட்டியல் இதனால்தான் கோணலாக இருக்கிறது.

எண்தான் வேண்டுமென்றால் வேறு எண்கள் இருக்கின்றன. 154 லீக் ஆட்டங்களில் எதிரணியை கோட்டுக்குப் பின்னால் மடக்கிய தடவைகள் 176. குவார்ட்டர்பேக் மேல் மோதிய தடவைகள் 260. வீச்சு ஆட்டங்களில் பாதிக்கும் மேல் அவருக்கு எதிராக இரண்டு பேர் நிறுத்தப்பட்டார்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையில் இருப்பது ஐந்தே பேர். அதில் இருவர் டொனால்டிடம் போய்விட்டால் மீதி மூன்று பேர் அவருடைய கூட்டாளிகள் மூவரைத் தனித்தனியாகச் சமாளிக்க வேண்டும். அந்த சூப்பர் பவுலில் ராம்ஸ் எடுத்த சாக் மொத்தம் 7, அதில் கூட்டாளி வான் மில்லருக்கு 2. அந்த 7இல் எத்தனைக்கு டொனால்டு வழி செய்து கொடுத்தார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

அவர் செய்த வேலைக்கு வருவோம். கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘எதிரணியினரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னேறுவார்.’ இடித்துத் தள்ளினால் போதுமென்றால் 150 கிலோ ஆட்களாகப் பார்த்து எடுத்திருப்பார்கள். டொனால்டின் உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 280 பவுண்டு, அதாவது 127 கிலோ. எதிரே நிற்கும் கார்டு சாதாரணமாக 136 கிலோவுக்கு மேல், உயரத்திலும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதல். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013 சீசனில் தற்காப்புக்கான பெரிய விருதுகளை எல்லாம் அள்ளிய பிறகும், ஆள் சின்னவன் என்று அணிகள் தயங்கியதற்குக் காரணம் இந்த அளவுதான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2014 தேர்வில் 13ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அதே நாளில் 2ஆவது இடத்தை வைத்திருந்ததும் இதே ராம்ஸ். அதைக் கொண்டு அவர்கள் தங்கள் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசைக்கு வேறொருவரை எடுத்தார்கள். தேர்வாளர்கள் முன் அந்த வருஷம் டொனால்டு 40 யார்டை 4.68 நொடியில் ஓடியிருந்தார், 225 பவுண்டு பளுவை 35 முறை தூக்கியிருந்தார். அளவு நாடாவைப் பார்த்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர் அதிகம் நின்ற இடத்துக்கு 3 டெக்னிக் என்று பெயர். பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு நேர் எதிரே நின்றால் 0. பக்கத்துக் கார்டின் வெளித்தோளுக்கு எதிரே 3. கார்டுக்கு அடுத்து நிற்கும் தடுப்பு வரிசை டேக்கிளின் (டொனால்டின் டிஃபென்சிவ் டேக்கிள் வேறு) வெளித்தோளுக்கு எதிரே 5. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள சந்து ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் உள்ளது பி. 3இல் நிற்பவன் பி சந்துக்குக் காவல். ஓட்டமா வீச்சா என்று தெரியாத முதல் அரை நொடியில் அவனுக்கு இருக்கும் கடமை அந்தச் சந்து மட்டும்தான். குவார்ட்டர்பேக் அதற்கப்புறம்.

நிற்கும் விதத்தில் ஆரம்பிக்கிறோம், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கால்கள் தோளகலத்துக்குக் கொஞ்சம் கூட. பின்காலின் பெருவிரல் முன்காலின் குதிகாலுக்கு நேர். ஒரு கை தரையில், உள்ளங்கை படாமல் விரல் நுனிகள் மட்டும். இடுப்பு தோளைவிடச் சற்றே மேலே. ஊன்றிய கையை யாராவது தட்டிவிட்டால் முகம் குப்புற விழ வேண்டும்; விழவில்லை என்றால் எடை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். கண் பந்தின் மேலேயே இருக்கட்டும். குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றுவார். குரலை நம்பிக் கிளம்பினால் 5 யார்டு தண்டம், எதிரணிக்கு இனாம்.

பந்து அசைந்ததும் வைக்கும் முதல் அடி அரை அடி நீளத்துக்கு மேல் போகக்கூடாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே நீளமாகப் பாய்கிறார்கள். நீள அடி வைத்தால் உடம்பு நிமிரும். நிமிர்ந்தால் நெஞ்சு திறக்கும், கார்டின் இரண்டு கையும் அங்கே வந்து உட்காரும். அதோடு அந்த ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சின்ன அடி வைத்தவனுக்கு, கைகள் மோதும் நேரத்தில் இரண்டாவது காலும் தரையில் இருக்கும், தள்ளுவதற்குப் பிடிமானம் கிடைக்கும். கை போக வேண்டிய இடம் கார்டின் நெஞ்சுப் பட்டை. கட்டைவிரல் மேலே பார்க்க, முழங்கை விலாவை ஒட்டி. யாருடைய கை உள்பக்கம் இருக்கிறதோ அவனுக்குத்தான் பிடி. குட்டை என்று ஒதுக்கப்பட்ட டொனால்டின் லாபம் இங்கே தெரியும்: அவர் தோள் இயல்பாகவே எதிராளியின் தோளுக்குக் கீழே இருந்தது. கீழிருந்து தள்ளுபவனை மேலிருந்து அமுக்குவது கடினம்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் வீடியோவில் பார்க்கும் வித்தைகள். நேராகத் தள்ளுவது ஒன்று. கார்டின் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும்போது இதைச் செய்தால் சுவரில் முட்டிய கதைதான், அவன் பின்வாங்கிக் குதிகாலில் உட்காரும்போதுதான் செய்ய வேண்டும். இன்னொன்று, எதிராளியின் கையைத் தட்டிவிட்டு அவன் தோளுக்கு மேலாகக் கையை வீசிக் கடப்பது. பார்க்க அழகு. ஆனால் கையைத் தூக்கிய கணத்தில் விலா முழுக்கத் திறந்து கிடக்கும். முதலில் கையைத் தட்டாமல் இதைச் செய்பவனை ஒரே குத்தில் பக்கவாட்டில் தள்ளிவிடுவார்கள். மூன்றாவது, அக்குளுக்குக் கீழே முன்கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டே வளைந்து போவது. பாதுகாப்பானது இதுதான், வளைவு அதிகமாகிவிடும் என்பதுதான் இதன் குறை. குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்து போக இரண்டரை நொடி ஆகும், அவ்வளவுதான் அவகாசம்.

டொனால்டு கத்தியோடு பயிற்சி செய்தார் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அவை கூர் இல்லாத போலிக் கத்திகள். பயிற்சியாளர் கத்தியை நீட்ட நீட்ட, இவர் மணிக்கட்டைத் தட்டித் தட்டி விலக்குவார். கார்டின் கை நெஞ்சுக்கு வருமுன் தட்டிவிடப் பழகுவதற்காக அது. சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு எந்தப் பையனும் மொட்டை மாடிக்குப் போகவேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். உருட்டிய செய்தித்தாளே போதும். தங்கள் நாளிதழ் இதற்கு மிகப் பொருத்தமான பருமன்.

ஓட்ட ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. டிஃபென்சிவ் டேக்கிளின் உழைப்பு அதிகம் போவது அங்கேதான். இருவர் சேர்ந்து மோத வரும்போது பக்கவாட்டில் திரும்பினால் தொலைந்தது, ஐந்து யார்டு பின்னால் கொண்டுபோய்விடுவார்கள். வெளிப்பக்க இடுப்பைத் தாழ்த்தி, முடியாத கட்டத்தில் முழங்காலைத் தரையில் போட்டாவது இடத்தை விடாமல் இருக்க வேண்டும். அவன் இருவரைப் பிடித்து வைத்தால் பின்னாலிருக்கும் லைன்பேக்கரை யாரும் தொடமாட்டார்கள். ஓட்டக்காரரை மடக்குவது அந்த லைன்பேக்கர், பெயரும் அவருக்கே. முழங்காலைப் போட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் வராது. சாக் மட்டுமே பெருமை என்று படித்து வளர்ந்த பிள்ளை இந்த வேலையைச் செய்யமாட்டான். சந்தை விட்டுவிட்டு வெளியே வளைந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடுவான். அவர் இரண்டு அடி முன்னால் நகர்வார். பையன் அவருக்குப் பின்னால் கடந்து போவான். காலியான சந்து வழியாக அவர் 15 யார்டு ஓடிப்போவார். சென்னை மைதானங்களில் வாராவாரம் நடக்கும் தப்பு இது. இதற்குத் தலைப்புச் செய்திகளுக்கும் பங்கு உண்டு.

சம்பளம். 2018 ஆகஸ்ட் 31இல் டொனால்டு 6 வருஷத்துக்கு 135 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தொகையை அப்படியே ரூபாயாக்கி, ‘சம்பாதித்தார்’ என்று எழுதியிருந்தீர்கள். அதில் உத்தரவாதமான தொகை 87 மில்லியன். என்எஃப்எல்லில் ஒப்பந்தத் தொகைக்கும் உத்தரவாதத் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். உத்தரவாதம் இல்லாத பகுதி, அணி அவரை நீக்கிவிட்டால் வராது. கையெழுத்து போனஸ் கைக்கு முன்னதாகவே வந்துவிடும், ஆனால் அணியின் சம்பள வரம்புக் கணக்கில் அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரித்து எழுதப்படும். 20 மில்லியன் போனஸை 5 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 4. இரண்டு வருஷத்தில் ஆளை நீக்கினால் மிச்சம் 12 மில்லியன் ஆடாத ஆளின் பேரில் அணியின் தலையில் விழும். யாரை நீக்குவார்கள், யாரை வைத்துக்கொள்வார்கள் என்பதைத் தீர்மானிப்பது பல சமயம் ஆட்டமல்ல, இந்தக் கணக்கு. டொனால்டு 2017இல் பயிற்சி முகாமுக்கே வராமல் பேரம் பேசி, முதல் ஆட்டத்தைத் தவறவிட்டு, அதே வருஷம் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். 2018இல் மறுபடியும் வராமல் இருந்துதான் அந்த ஒப்பந்தம் கிடைத்தது. தற்காப்பில் அதுவே உச்சத் தொகை என்றிருந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர் கலீல் மாக் 141 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.

இது உச்சியில் இருப்பவர்களின் கதை. ஆகஸ்டு முகாமில் அணிக்கு 90 பேர், சீசன் தொடங்கும்போது 53. அணிக்கு 37 பேர் வீதம் 32 அணிகளில் 1,184 பேர் சில நாட்களில் வெளியே. அவர்களில் அணிக்கு 16 பேர் அளவில் பயிற்சிக் குழுவில் இடம் பிடிப்பார்கள். 2024இல் அங்கே புதியவர்களுக்கு வாரம் 12,500 டாலர், சீசன் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று சீசன் தேறியாக வேண்டும். இந்த வரிகளையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தக் கோடிகளுக்கு அர்த்தம் வரும்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில், ‘நம் கபடி வீரர்கள் இந்த ஆட்டத்துக்கே பிறந்தவர்கள்’ என்று இருந்தது. பாதி உண்மை. தாழ்ந்த இடுப்பு, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கும் கண், கூட்டாகச் சூழ்வது, இதெல்லாம் கபடியில் வந்தவனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கபடித் தற்காப்பு பின்வாங்கிக் காத்திருந்து பிடிப்பது. இங்கே டிஃபென்சிவ் டேக்கிள் பந்து அசைந்த நொடியில் முன்னால் போக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் தலை. கணுக்காலைப் பிடிக்கத் தலையைக் குனிந்து பாயும் பழக்கம் ஹெல்மெட் போட்டவனுக்கு ஆபத்து. தலை குனிந்த நிலையில் கழுத்தெலும்பு நேர்கோடாகிவிடும். உச்சந்தலையில் விழும் அடி வளைந்து தணியாமல் அப்படியே தண்டுவடத்துக்கு இறங்கும். தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதினால் 15 யார்டு தண்டம் என்று என்எஃப்எல் 2018இல் விதியைக் கடுமையாக்கியது இதற்காகவே. கபடியிலிருந்து வருபவனுக்கு முதல் மாதம் பாடம் ஒன்றுதான்: மோதுகிற இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மோது.

ஹெல்மெட் பற்றியும் ஒரு வார்த்தை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். முகக்கம்பியைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிய அளவு. வெளிநாட்டிலிருந்து இரண்டாம் கையாக வருபவற்றில் உள்ளே தயாரிப்புத் தேதி இருக்கும். 10 வருஷம் தாண்டியதை அமெரிக்காவில் மறுசான்றுக்கே வாங்கமாட்டார்கள். பைக் ஹெல்மெட் இதற்கு மாற்று ஆகாது. அது ஒரே ஒரு பெரிய அடிக்கு நொறுங்கிக் காப்பாற்றுவது, நூறு சின்ன அடிக்கு அல்ல.

இனி வெயில். டொனால்டை அவர் அப்பா ஆர்ச்சி விடிகாலை நாலரைக்கு எழுப்பி வீட்டு நிலவறையில் பளு தூக்க வைத்த கதையை அழகாக எழுதியிருந்தீர்கள். பிட்ஸ்பர்க் குளிர் ஊர். சென்னையில் மே மாதம் அதே உழைப்பை ஹெல்மெட், தோள் கவசத்தோடு செய்தால் நிலைமை வேறு. 2001இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் முகாமில் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற 27 வயது தடுப்பாட்டக்காரர் வெப்பத்தாக்கில் இறந்தார். உடம்பு பெரிதாகப் பெரிதாக உள்ளே உண்டாகும் சூடு கூடும், அதை வெளியேற்றும் தோல் பரப்பு அந்த விகிதத்தில் கூடாது. அதனால் ஆபத்து முதலில் வருவது வரிசையில் நிற்கும் பெரிய பையன்களுக்கு. இங்கே ஈரப்பதம் வேறு. வியர்வை சொட்டும், ஆனால் காயாது, காயாத வியர்வை குளிர்விக்காது. வெறும் வெப்பமானியைப் பார்த்துப் பயனில்லை. ஈரமும் வெயிலும் சேர்த்துக் கணக்கிடும் கருவி வேண்டும். அந்த அளவு 33 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மைதானப் பயிற்சியே கூடாது, 32ஐத் தாண்டினாலே கவசத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று வெயில் பழகிய ஜார்ஜியா மாநிலப் பள்ளிகளே விதி வைத்திருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாளிலிருந்து தோள் கவசம், ஆறாம் நாள்தான் முழுக் கவசம்.

பையன் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, வியர்க்கிறதா இல்லையா என்று ஆராய வேண்டாம். வியர்த்துக்கொண்டே வெப்பத்தாக்கு வரும். 108க்கு ஃபோன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கவசத்தைக் கழற்றுங்கள். பெரிய தொட்டி இல்லாவிட்டால் ஒரு தார்ப்பாய் போதும்: பையனை அதில் படுக்கவைத்து நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, 20 லிட்டர் கேன் நாலைந்தும் ஐஸ் கட்டிகளும் கொட்டி, தண்ணீரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். அலசாவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே நிற்கும். அரை மணிக்குள் உடம்புச் சூடு 39க்குக் கீழே வந்தாக வேண்டும். பயிற்சி தொடங்கும் முன்பே ஐஸ் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மயங்கி விழுந்த பிறகு ஐஸ் கடையைத் தேடிப் பயனில்லை. மைதானத்தில் ஒரு இதய அதிர்வுக் கருவியும் அவசியம். 2023 ஜனவரி 2இல் பஃபலோ பில்ஸ் தற்காப்பு ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் அடி பட்டு, எழுந்து, மறுபடி விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. உடனே நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்களும் கருவியும் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார், அதே வருஷம் திரும்பி ஆடவும் வந்தார். கருவி வர ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

2024 மார்ச்சில், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே 32 வயதில் டொனால்டு ஓய்வு பெற்றதை ‘மர்மம்’ என்று எழுதியிருந்தீர்கள். வரிசையில் நிற்பவனுக்கு ஒவ்வொரு ஆட்டமும் ஒரு மோதல். மயங்கி விழவைக்கும் பெரிய அடிகளைவிட, யாரும் கவனிக்காத சின்ன அடிகள் வருஷக்கணக்கில் சேர்வதுதான் மூளைக்குக் கெடுதல் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். 2017இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், இறந்த 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110இல், இப்படிச் சேரும் அடிகளோடு தொடர்புள்ள சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய் காணப்பட்டது. சந்தேகம் வந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருந்ததால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பத்து சீசன் ஆடி, பத்திலும் ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகி, மூன்று முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகி, கோப்பையும் வாங்கியவர் நடக்க முடிகிறபோதே வெளியேறியதில் மர்மம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்திருப்பது ஃபிளாக் ஃபுட்பால். அணிக்கு ஐந்து பேர். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் மடக்கியதாகக் கணக்கு. தடுப்பதும் மோதுவதும் கிடையாது. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய நினைப்பவர் 7 யார்டு தள்ளி நின்று கிளம்ப வேண்டும். ‘டொனால்டு வழியில் ஒலிம்பிக்’ என்ற தங்கள் துணைத்தலைப்புக்கு அதனால் பொருளில்லை. டொனால்டு நின்ற இடமே அந்த ஆட்டத்தில் இல்லை. சென்னைப் பள்ளிகள் தொடங்க வேண்டியது ஃபிளாக்கில்தான் என்பது எங்கள் அபிப்பிராயமும். செலவு குறைவு, பெண் பிள்ளைகளும் ஆடலாம், தலை தப்பிக்கும். அதற்கு முன்மாதிரியாக ஓடுபவர்களையும் பிடிப்பவர்களையும் பற்றி எழுதுங்கள்.

‘இந்திய ரத்தம் இதுவரை என்எஃப்எல் பக்கம் போனதில்லை’ என்பதும் சரியல்ல. இந்தியத் தந்தைக்குப் பிறந்த பிராண்டன் சில்லார் 2004இல் நான்காவது சுற்றில் எடுக்கப்பட்ட லைன்பேக்கர், அவரும் தற்காப்புதான். எடுத்த அணி இதே ராம்ஸ். பிறகு கிரீன் பே பேக்கர்ஸுக்கு ஆடினார்.

தொடர் எழுதும் எண்ணம் இருந்தால் அடுத்து ஆலன் பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் டிஃபென்சிவ் டேக்கிள். 1971இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கினார். தற்காப்பில் ஆடும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978இல் பட்டம் பெற்றார். நீண்ட தூர ஓட்டத்தில் இறங்கி எடை குறைந்துபோக, அதே வருஷம் வைக்கிங்ஸ் அவரை விட்டுவிட்டது; சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொள்ள, 1981 வரை ஆடினார். 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே பஸ் பிடிக்கும் வாசகர்கள் தங்களுக்கு ஏராளம், அவர்களுக்குப் பிடிக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த பெரிய படத்தில் இருப்பவர் டொனால்டு அல்ல, ஹூஸ்டன் டெக்சன்ஸின் ஜெ.ஜெ. வாட். இருவருக்கும் சட்டை எண் 99, இருவரும் மூன்று முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், குழப்பம் வருவது இயற்கை. ஹெல்மெட்டைப் பாருங்கள்: ராம்ஸ் என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு வளைந்திருக்கும், டெக்சன்ஸ் என்றால் காளைத் தலை.

இப்படிக்கு,
அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
கோடம்பாக்கம், சென்னை – 24.